நரிக்கு மூன்று விலைப்புள்ளிகள்

அரசு அலுவலகத்துக்குப் பொருள் வாங்குவதில் இரு உறை முறை என்று ஒன்று உண்டு. முதல் உறையில் பொருளின் தகுதி, இரண்டாம் உறையில் விலை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறையைப் பிரிக்கவே கூடாது. ஒட்டியது ஒட்டியபடி திருப்பி அனுப்ப வேண்டும். இந்த விதியை மீறிய இரண்டு பேரிடம் விளக்கம் கேட்டு நானே குறிப்பாணை தயாரித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சென்ற ஜூலையில் மெல்பர்னில் இரண்டாம் உறையை முதலில் பிரித்தேன்.

வாங்க வேண்டிய பொருள் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி. ஸ்கோப் என்பார்கள். வாங்க வேண்டியவர் யோகன். அதில் நான் எப்படி நுழைந்தேன் என்பதை என் மருமகன் கார்த்திக்தான் விளக்க வேண்டும்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் ஆட்சியர் அலுவலகத்தின் துப்பாக்கி உரிமப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். மலையடிவாரத்து விவசாயிகள் காட்டுப்பன்றிக்காகக் கேட்கும் பயிர்ப் பாதுகாப்பு உரிமம், வருடாந்தரச் சோதனை, தேர்தல் வந்தால் எல்லாத் துப்பாக்கிகளையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வைப்பது, எல்லாம் அத்துப்படி. ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. துப்பாக்கிகள் என் மேசைக்கு எண்களாக மட்டுமே வந்தன. மெல்பர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் மகள் வீட்டில் இறங்கிய முதல் வாரமே கார்த்திக் தன் நண்பர்களிடம் சொல்லிவிட்டார்: "மாமா காலம் முழுக்கத் துப்பாக்கியோடயே இருந்தவர்."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கப்படாத தகவல் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும் என்பது கோப்புகளின் நியதி. நான் பேசாமல் காபி குடித்தேன்.

சனிக்கிழமை காலை யோகனின் பண்ணைக்குப் புறப்பட்டோம். நகரம் முடியவே ஒரு மணி நேரம் ஆனது. வழியில் ஒரு சிற்றூர் பேக்கரியில் நிறுத்தி, கார்த்திக் ஒரு இறைச்சிப் பை வாங்கினார். கையளவு மாவுக் கிண்ணத்தில் கொதிக்கும் குழம்பை ஊற்றி மூடிய பண்டம் அது. நம் ஊர் பஃப்ஸ் சட்டையில் உதிரும். இது உதிராது, வழியும். கார்த்திக்கின் வெள்ளைச் சட்டை பண்ணைக்குப் பழுப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை விரதம் என்னைக் காப்பாற்றியது.

யோகன் யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. கார்த்திக் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் மின்வேலை செய்துவிட்டு, நகர்ப்பக்கம் ரோவிலில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டு, நாற்பது ஏக்கர் மேட்டு நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறார். முறைப்படி அறுப்புக்கூடம் போய் அந்த ஆடுகள் ஸ்பிரிங்வேல் இறைச்சிக் கடைகளுக்கு வருகின்றன. வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ அண்ணை. கதிரையில இருங்கோ. துவக்குக் கந்தோரில இருந்தனீங்களாம். நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேணும்." துவக்கு என்றால் துப்பாக்கி, கந்தோர் என்றால் அலுவலகம் என்று கார்த்திக் என் காதில் சொன்னார்.

"முதல்ல உங்க லைசென்ஸைக் காட்டுங்க" என்றேன்.

யோகன் கார்த்திக்கைப் பார்த்தார். "அண்ணை பொலிசே?"

"இல்ல, அதைவிட மோசம்" என்றார் கார்த்திக்.

உரிமம் சரியாக இருந்தது. துப்பாக்கி, சுவரோடு திருகப்பட்ட இரும்புப் பெட்டியில் இருந்தது. தோட்டாக்கள் வேறு பூட்டில். என் பதினேழு ஆண்டுகளில் இவ்வளவு ஒழுங்கான உரிமதாரரை நான் பார்த்ததில்லை. எனக்கு இங்கே உரிமம் இல்லாததால் துப்பாக்கியை நான் தொடவில்லை. அதைக் கண்டு யோகனுக்கு என் மேல் மரியாதை கூடிவிட்டது. பயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் பிறந்த ஒன்பது குட்டிகளில் ஐந்தை நரி கொண்டுபோய்விட்டது. இனி ஆகஸ்ட் கடைசியில் பதினான்கு ஆடுகள் குட்டி போடும். நரி விடிகிற நேரத்தில் குளத்தின் மறுகரையில் வந்து நிற்கும். வீட்டிலிருந்து கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர். அருகில் போனால் ஓடிவிடும். இருக்கும் ஸ்கோப்பின் கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து, பார்த்தால் மார்கழிப் பனிபோல் தெரிந்தது.

"காவல் நாய் வைக்கலாமே" என்றேன்.

"குட்டி நாய் வாங்கியிருக்கு. அது காவல் செய்ய இன்னும் ஒரு வருசம் செல்லும். இப்ப நரி வந்தால் விளையாடக் கூப்பிடும்."

குசினியிலிருந்து, சமையலறையை அப்படித்தான் சொல்கிறார்கள், அவர் மனைவி மாலா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னார், கணவரிடம் அல்ல. "அண்ணை, இந்த முறையும் நரிதான் தின்னுமெண்டால் காணியை வித்துப்போட்டு ரோவிலுக்குப் போறம். காணி விக்கிறவனோட கதைச்சும் போட்டன். இவருக்கும் தெரியும்."

யோகன் தலை நிமிராமல் சொதியை ஊற்றிக்கொண்டார். தகரக் கூரையின் கீழ் ஆறு பாகை குளிரில் இரண்டு குளிர்காலம் கழித்த பெண்ணின் இறுதி அறிவிப்பு அது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கடை பார்க்கப் புறப்பட்டோம். ஸ்பிரிங்வேலில் முதலில் சாப்பாடு. வியட்நாமியர் கடையில் நீள ரொட்டியைப் பிளந்து, ஊறுகாய்க் காரட், கொத்தமல்லி, பச்சை மிளகாய், எனக்குச் சோயாக் கட்டி வைத்துக் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி தன் மகனிடம் ஏதோ முணுமுணுக்க, அவன் சிரித்துக்கொண்டே என்னிடம் மொழிபெயர்த்தான்: "மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள், வயசானவர் தாங்கமாட்டார் என்கிறார்." நான் இன்னொரு மிளகாய் கேட்டு வாங்கினேன். அதன் பலனை மாலைவரை அனுபவித்தேன்.

துப்பாக்கிக் கடை ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருந்தது. உரிமையாளர் பிரையன், என் வயதுக்காரர், பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கையிலுள்ள துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பவர். யோகன் தன் கதையைச் சொன்னார்: முந்நூறு மீட்டர், விடியற்காலை, ஐந்நூறு டாலருக்குள்.

பிரையன் அலமாரிக்கு அடியிலிருந்து வண்ணம் உதிர்ந்த ஒரு பழைய குழாயை எடுத்து வைத்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போனது. ஆறு மடங்கு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விளக்கு கிடையாது.

"இது போதும்" என்றார். "முந்நூறு மீட்டரில் நிற்கும் நரி இதில் ஐம்பது மீட்டரில் நிற்பது போலத் தெரியும். ஐம்பது மீட்டரில் நிற்பது நரியா நாற்காலியா என்று உங்களுக்குத் தெரியாதா?"

"மடங்கு கூடினால் இன்னும் நல்லதுதானே?" என்று நான் கேட்டேன். நிபுணன் ஏதாவது கேட்க வேண்டுமல்லவா.

"மடங்கு கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். விலை மலிந்த கண்ணாடியில் விடியற்காலையில் இருட்டைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். ஐந்நூறில் ஒரு பங்கைப் பிடிவளையத்துக்கு வையுங்கள். நல்ல ஸ்கோப்பை ஓட்டை வளையத்தில் மாட்டுவது ஆடும் சுவரில் கடிகாரம் மாட்டுவது மாதிரி. முக்கியமானது ஒன்றுதான். திருகினால் உள்ளே குறுக்குக்கோடு நகர வேண்டும். திரும்பத் திருகினால் பழைய இடத்துக்கே வர வேண்டும்."

அந்தக் குழாயை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு படிவம் கேட்டேன்.

"எதற்கு?"

"ஸ்கோப் வாங்குவதற்கு."

"பணம் கொடுங்கள். எடுத்துப் போங்கள்."

துப்பாக்கிக்கு அத்தனை காகிதம் கேட்கும் நாட்டில் அதன் கண்ணுக்கு ஒரு படிவம்கூட இல்லை. எனக்கு அந்தக் கடை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இன்னும் இரண்டு விலைப்புள்ளி பெறாமல் முடிவெடுக்கக் கூடாது என்று யோகனிடம் சொன்னேன். பிரையன் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் விலைப்புள்ளி ஒரு பெரிய கடையில்: நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு, புதியது. மூன்றாவது கார்த்திக் கணினியில் கண்டுபிடித்தது: ஆறிலிருந்து இருபத்துநான்கு மடங்கு, அகலக் கண்ணாடி, குறுக்குக்கோடு சிவப்பிலும் பச்சையிலும் ஒளிரும், ஆயுள்கால உத்தரவாதம், பிடிவளையம் இலவசம், சிட்னியில் அலுவலகம். மூன்றிலும் இதுதான் விலை குறைவு. பிரையனின் பழைய குழாயைவிடக்கூடப் பத்து டாலர் குறைவு.

அன்று மாலை மகளின் சாப்பாட்டு மேசையில் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். அளவுகோலால் கோடு போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மை, ஒவ்வொரு தகுதிக்கும் ஐந்து மதிப்பெண். முதல் கட்டத்தில் விலை, பிறகு மடங்கு, கண்ணாடி அகலம், விளக்கு, உத்தரவாதம். மூன்றாவது இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பிரையனின் குழாய் ஏழு. திருகினால் திரும்பி வருமா என்பதற்கு என் பட்டியலில் கட்டம் இல்லை.

யோகன் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "வடிவாய் இருக்கு அண்ணை. இதையே எடுப்பம்."

பொருள் வந்தது. நல்ல கனம். ஆனாலும் மாதிரிச் சோதனை இல்லாமல் சரக்கை ஏற்பதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சோதனை முறையை பிரையனே சொல்லியிருந்தார். நூறு மீட்டரில் காகிதம். ஒரே குறியைப் பார்த்து ஐந்து வெடி. முதல் வெடிக்குப் பின் திருகை இருபது சொடுக்கு மேலே, அடுத்து இருபது வலம், இருபது கீழே, இருபது இடம். நான்கு துளைகள் சதுரமாக விழ வேண்டும். ஐந்தாவது முதல் துளையிலேயே போய் விழ வேண்டும்.

காதில் அடைப்பானோடு, மாலாவின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஐந்து வெடியும் முடிந்து காகிதத்தை எடுத்து வந்தார்கள். சதுரம் இல்லை. கோழி நடந்த முற்றம் போலிருந்தது. ஐந்தாவது வெடி முதல் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி. மறுபடி செய்தோம், கோழி வேறு திசையில் நடந்திருந்தது.

இரவு பண்ணையிலேயே தங்கினோம், மறுநாள் விடிகாலை நரி வந்தது. வேறு ஸ்கோப் இல்லாததால் யோகன் அதிலேயே இருபத்துநான்கு மடங்கில் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லை அண்ணை, ஒரே கறுப்பு." மடங்கைக் குறைக்கும் வளையத்தை அவர் தேடித் திருகுவதற்குள் மிச்சமிருந்த நான்கு குட்டிகளில் ஒன்றின் கத்தல் கேட்டு, நின்றுபோனது. மாலா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு காலைச் சாப்பாட்டைப் பரிமாறினார். என் தட்டில் மட்டும் சம்பல் வைக்க மறந்துவிட்டார். மறந்தார் என்றே எழுதிவைக்கிறேன்.

உத்தரவாதம் கேட்டு இணையத்தில் விண்ணப்பித்தோம். கோளாறின் புகைப்படம் கேட்டது கணினி. கெட்டுப்போன ஸ்கோப் புகைப்படத்தில் நல்ல ஸ்கோப் மாதிரியேதான் இருக்கும். ஒரு வாரம் பதில் இல்லை. நேரில் போவதென்று முடிவெடுத்தேன். சிட்னியில் என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி எப்படியும் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்.

"ரயில்ல போங்க மாமா" என்றார் கார்த்திக். "ஏர்போர்ட் எக்ஸ்ரேல இதைப் பார்த்துட்டு என்னன்னு கேப்பாங்க. நீங்க விளக்க ஆரம்பிச்சா பிளேன் போயிரும்."

ரயில் பாதி வழியில் நின்றது. தண்டவாள வேலை, மீதித் தூரம் பேருந்து. நம் ஊரில் இப்படி இறக்கிவிட்டால் நான்கு பேர் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போயிருப்பார்கள். இங்கே முந்நூறு பேரும் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். நான் ஒரு பேருந்தில் ஏறினேன், என் பை இன்னொன்றில் ஏறியது. சிட்னி நிலையத்தில் புகார் முகப்பில் பைக்குள் இருப்பவற்றின் பட்டியலை நீட்டினேன். பயணத்துக்கு முன்பே இரண்டு பிரதி எழுதி வைப்பது என் வழக்கம். அதிகாரி பனியன் நான்கு, மூலநோய்த் தைலம் ஒன்று என்று வாசித்துக்கொண்டே வந்து நின்றார்.

"துப்பாக்கி ஸ்கோப் ஒன்று. துப்பாக்கி எங்கே?"

"அது வேறொருவரிடம் இருக்கிறது" என்றேன். அது ஆறுதல் தரும் பதில் அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. பை இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. அதுவரை அவர் எனக்குத் தேநீர் கொடுத்து, கண்ணெதிரிலேயே உட்கார வைத்திருந்தார்.

மறுநாள் சிட்னியின் மேற்கே அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன். முகப்பில் இருந்த பெண் என் ஆங்கிலத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு மாறினாள். கோயம்புத்தூராம்.

"அங்கிள், நேர்ல வாங்குறதில்ல. எல்லாம் ஆன்லைன்தான்."

ஆன்லைனில் போட்டதையும் ஒரு வாரத்தையும் சொன்னேன். சோதனைக் காகிதம் இரண்டையும் தேதி, தூரம், சாட்சிக் கையெழுத்துடன் விரித்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் ஸ்கோப்பை வாங்கிக்கொண்டாள். நான் ஒப்புகை கேட்டேன்.

"ரப்பர் ஸ்டாம்ப் வைக்கணும்மா."

"குழந்தைங்க விளையாடுறதா அங்கிள்? அது எங்ககிட்ட இல்லையே." பேனாவால் கையெழுத்துப் போட்டு, பரிதாபப்பட்டு, கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து கொடுத்தாள். "பத்து வேலை நாள்ல பதில் வரும். நீங்க ஊர்ல எங்க வேலை பாத்தீங்க?"

"கலெக்டர் ஆபீஸ்."

"அப்ப உங்களுக்கே தெரியும்."

தெரியும், பத்து என்பது பத்தில் நிற்காது. பத்து வேலை நாள் என்பதை எத்தனை பேரிடம் எந்தக் குரலில் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே, மைத்துனர் வாங்கித் தந்த நெய் ரோஸ்டைக் குறையில்லாமல் சாப்பிட்டேன். பதில் வருவதற்குள் பதினான்கு ஆடுகளும் குட்டி போட்டுவிடும்.

மெல்பர்ன் திரும்பியதும் பண்ணைக்குப் போய் யோகனிடம் உண்மையைச் சொன்னேன். நான் வாழ்நாளில் சுட்டதில்லை, அன்று கடையில்தான் முதல்முதலாக ஸ்கோப்பைக் கையில் எடுத்தேன், தவறு என்னுடையது.

யோகன் ஆட்டுத் தீவனத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். "அது எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் ஸ்கோப்பை மறுவளமாய்ப் பிடிச்சுப் பாத்தனீங்கள்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"வயசான மனுசன், என்னண்டு சொல்லுறது? பிறகு அந்தத் தாளைப் பாத்தனான். சிவப்பு மையால கோடெல்லாம் போட்டு. இவ்வளவு வடிவாய் எழுதினது பிழையாய்ப் போகுமோ எண்டு நினைச்சன்."

"அவருக்குத் தாள் எண்டால் போதும்" என்றார் மாலா உள்ளேயிருந்து. "என்ர சாதகத்தையும் அப்பிடித்தான் பாத்தவர்." மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அன்று பிற்பகலே பிரையனிடம் போனோம். பழைய குழாய் இன்னும் அலமாரிக்கு அடியில் இருந்தது. பிரையன் அதைத் துடைத்து மேலே வைத்தார். நல்ல வளையம் இரண்டு எடுத்து, திருகுகளை அளவாக முறுக்கி அவரே மாட்டித் தந்தார். வளையத்தோடு சேர்ந்தும் ஐந்நூறுக்குள் அடங்கிவிட்டது. கிளம்பும்போது என் பக்கம் குழாயின் சிறிய முனையைத் திருப்பிக் காட்டி, "கண் இந்தப் பக்கம்" என்றார். அவரும் பார்த்திருக்கிறார்.

மறுபடி நூறு மீட்டர், மறுபடி ஐந்து வெடி. காகிதத்தில் சதுரம் விழுந்தது. ஐந்தாவது துளையைக் காணவில்லை. யோகன் சுண்டுவிரல் நுனியை முதல் துளையில் வைத்துப் பார்த்தார். அது சற்றே அகன்றிருந்தது. அங்கேதான் போயிருக்கிறது.

மூன்று விடியல்கள் காத்திருந்தோம். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் நரி வந்தது, ஆனால் அதன் பின்னால் அடுத்த பண்ணைக்காரரின் மாடுகள் நின்றன. யோகன் துப்பாக்கியை இறக்கிவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு உரிமத்தை ஆயுளுக்கும் நீட்டித்துத் தரலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அது குளத்து மேட்டில் தனியாக நின்றது, பின்னால் வெறும் மண்சரிவு. நான் இருநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மயிர் காற்றில் பிரிவதுகூடத் தெரிந்தது. ஒரு வெடி. நரி நின்ற இடத்திலேயே படுத்தது.

யோகன் துப்பாக்கியைக் காலிசெய்து கீழே வைத்தார். "அதுவும் வயித்துக்குத்தான் வந்தது" என்றார். பிறகு மண்வெட்டி எடுக்கப் போனார்.

இன்னொரு நரி பத்து நாள் கழித்து வந்து அதே மேட்டில் விழுந்தது. அதற்குள் ஆடுகள் குட்டி போடத் தொடங்கியிருந்தன. பதினான்கு ஆடுகளுக்கு இருபத்திரண்டு குட்டிகள். ஒன்று பிறக்கும்போதே இறந்தது, ஒன்றைக் குளிர் கொண்டுபோனது. நரி எதையும் கொண்டுபோகவில்லை. நான் விடைபெறப் போன அன்று காணித் தரகரின் தொலைபேசி வந்தது. மாலா எடுத்து, இப்ப நேரமில்லை, குட்டியளுக்குப் பால் குடுக்கவேணும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபரில் ஊர் திரும்பினேன். திரும்பும் முன் சிட்னிக்கு மூன்று நினைவூட்டுகள் அனுப்பினேன், ஊரிலிருந்து நான்காவது. நான்காவதில் வட்டத்துக்குள் இருந்த கையெழுத்தின் நகலையும் இணைத்தேன். பதில் வந்தது. கோளாறு ஏற்கப்பட்டது, அதே வகையில் புதியது ஒன்று அனுப்பப்படும், வேண்டாமென்றால் பத்து வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவும். அதை யோகனுக்கு அனுப்பி, என்ன செய்வது என்று கேட்டேன்.

ஒரு மணி நேரத்தில் குரல்பதிவு வந்தது. "வரட்டும் அண்ணை. துவக்குக்கு வேண்டாம். மாலா கேக்கிறா, குசினி யன்னலில வைச்சுக் குட்டியளை எண்ணுறதுக்கு. பகலிலதானே, இருபத்துநாலு மடங்கு நல்லாய்த் தெரியுமாம். எல்லாம் பால் மறந்து மேட்டில ஏறி மேயத் தொடங்கிட்டுது, இனி எண்ணுறது கஷ்டம்." பின்னால் மாலா யாரையோ பெயர் சொல்லி அதட்டும் சத்தம் கேட்டது. அவர் ஆட்டுக்குட்டிகளுக்குப் பெயர் வைத்தது எனக்கு அதுவரை தெரியாது.

புதியதை அனுப்பலாம் என்று அன்றே சிட்னிக்கு எழுதினேன். கோப்பை முடிப்பதற்காக, அவர்களுடைய பதில் கிடைத்த நாளை மேலட்டையில் குறித்துக்கொண்டேன்: நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.